வெள்ளம் வடிஞ்ச ஊர்ல கூத்து வகுப்பை எப்ப ஆரம்பிக்கிறது?

கேள்வி – 2024 டிசம்பர் 6

தண்டராம்பட்டு பக்கம், தென்பெண்ணைக் கரையோர ஊர். 14 பசங்க ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கூத்து கத்துக்கிட்டு வந்தாங்க. 2ஆம் தேதி விடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில 1,68,000 கன அடி திறந்துட்டாங்க. கோயில் கொட்டாயில வச்சிருந்த மத்தளம், ஆர்மோனியம், வேஷக் கட்டைங்க, சலங்கை எல்லாம் முழுகிடுச்சி. ஊர்ப் பெரியவங்க "சோத்துக்கே வழிய காணோம், கூத்து என்னடா கூத்து, தை போகட்டும்"ங்கறாங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் 30,000 ரூபா தர்றேன்னு சொல்றார். ஆனா பொங்கலுக்குள்ள பசங்க வெள்ளத்தைப் பத்தியே ஒரு நாடகம் போடணும், அதை வீடியோ எடுக்கணுமாம். அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

டிசம்பர் 6, இரவு

தை வரைக்கும் போகவே வேண்டாம் தம்பி. வருகிற ஞாயிறே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மத்தளம் இல்லாவிட்டால் தொடையில் தட்டித் தாளம் சொல்லலாம், அடவுக்கு, அதாவது ஆட்டத்தின் கால் அசைவுக்கு, அது போதும். வெள்ள நாடகத்துக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். காரணம் நீளமானது, நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 7

நான் குடியாத்தம். நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். 2019இலிருந்து கௌண்டன்யா ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கூத்து வாத்தியாரை வைத்து ஞாயிறு வகுப்பு நடத்துகிறோம். கொரோனாவில் ஒன்றரை வருஷம் நின்று போனது. 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தபோது நாங்களும் வகுப்பைத் திறந்தோம். அடுத்த மூன்று வாரத்துக்குள் மோர்தானா அணை நிரம்பி, உபரித் தண்ணீர் கௌண்டன்யாவில் கரை தட்டி வந்துவிட்டது. கார்த்திகை தீபம் அன்றைக்கு, நவம்பர் 19, பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள், அதில் நாலு பேர் குழந்தைகள். பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பிள்ளைகள் ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்த பள்ளிக்கூடம் மூன்றே வாரத்தில் முகாம் ஆனது. வகுப்பறையில் பாய், கரும்பலகையில் யாருக்கு எத்தனை போர்வை என்ற கணக்கு. பெரியவர்களுக்கு அலைய வேலை இருந்தது. தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு, பட்டா நகல். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் என்னிடம் வந்து, "டீச்சர், ஞாயித்துக்கெழம கீதா?" என்று கேட்டான். வகுப்பு என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதா என்றுதான் கேட்டான்.

நான் அவனிடம், எல்லாம் சரியாகட்டும்டா, பார்க்கலாம் என்றேன். ஐந்து வாரம் தள்ளிப்போட்டோம். அந்த ஐந்து வாரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. வெள்ளத்துக்கு முன் 22 பேர் வந்தார்கள், திரும்பி வந்தது 13. இரண்டு குடும்பம் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்கு இடம் பெயர்ந்தது. ஒரு பெண் பிள்ளை அம்மாவோடு பீடி இலை வெட்ட உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஊரில்தான் இருந்தார்கள், பழக்கம் விட்டுப் போயிருந்தது. முகாமுக்குப் பின்னாலேயே, வேப்ப மரத்தடியில், ஒரு மணி நேரம் தாளம் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவர்களில் பாதிப் பேரையாவது பிடித்து வைத்திருக்கலாம்.

டிசம்பர் 7, மதியம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். எதையும் வெயிலில் காய வைக்காதீர்கள். மத்தளம் பலா மரம், நனைந்த பலா வெயில் பட்டால் வெடித்துவிடும். வாரைத் தளர்த்தி, இரண்டு பக்கத் தோலையும் கழற்றி, கட்டையை நிழலில் காற்று போகிற இடத்தில் சாய்த்து வையுங்கள். தோலுக்காக வருத்தப்பட வேண்டாம். வலந்தலையில் இருக்கிற கருப்புச் சோறு ஊறிவிட்டால் பொரி பொரியாக உதிரும், அதைக் காப்பாற்ற முடியாது. கட்டை பிழைத்தால் புது மூட்டு, அதாவது புதுத் தோல், போட்டுக்கொள்ளலாம்.

ஆர்மோனியத்தை இன்றைக்கே திறந்து உள்ளே இருக்கிற சேற்றைத் துடைத்துவிடுங்கள். ரீடு பித்தளை, தப்பித்துவிடும். துருத்தி ஒட்டு விட்டிருந்தால் ஒட்டலாம். பெட்டி உப்பிவிட்டதென்றால் பழசாக வேறொன்று வாங்குவதே மேல்.

வேஷக் கட்டைகள் கல்யாண முருங்கையில் செய்தவைதானே? லேசான மரம் என்பதால்தான் விடிய விடியத் தலையிலும் தோளிலும் தாங்க முடிகிறது. தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், மெதுவாகக் காயட்டும். கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் உரிந்து வந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளே திரும்ப ஒட்டுவார்கள்.

டிசம்பர் 8

இன்றைக்கு யாராவது வந்தார்களா?

டிசம்பர் 9

"ஆறு பேர் வந்தாங்க அக்கா. ஒண்ணும் கத்துக்குடுக்கல, சும்மா உட்கார்ந்திருந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரத்துக்குள் ஆறு பேர் என்பது நிறைய. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் முதல் நாளிலும் பாட்டு இல்லை, அடவு இல்லை. வாத்தியார் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். உள்ளே சலங்கைகள், ஒன்றோடு ஒன்று சேற்றில் ஒட்டிப்போய்க் கருணைக்கிழங்கு மாதிரி கிடந்தன. ஒன்றை எடுத்து ஆட்டினார். சத்தமே இல்லை. ஒவ்வொரு மணிக்குள்ளும் சேறு இறுகி, உள்ளே இருக்கிற குண்டு அசையவில்லை.

பிள்ளைக்கு ஓர் ஈர்க்குச்சி, பக்கத்தில் ஒரு டப்பா தண்ணீர். மணியின் வாய் நெல் அகலம்தான் இருக்கும். குச்சியை விட்டு நெம்பினால் மாவு போலக் கொஞ்சம் வரும். ஊதி, முக்கி, திரும்ப நெம்ப வேண்டும். கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் எங்கேயோ ஒரு மணி "ணிங்" என்றது. ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி, தன் மணியைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இன்னொருவனுடையது. சாயங்காலத்துக்குள் யார் எத்தனை மணியை எழுப்பினார்கள் என்று போட்டி வந்துவிட்டது. "எழுப்புறது" என்பது அவர்கள் வைத்த பேர்தான்.

அதனால் உங்கள் சலங்கையை நீங்களே கழுவி வைத்துவிடாதீர்கள்.

டிசம்பர் 11

இப்போது அந்த வீடியோ விஷயம். எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

2021 டிசம்பர் கடைசியில் ஓர் அமைப்பு முகாமுக்கு வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள், நோட்டும் ஸ்வெட்டரும் கொடுத்தார்கள். "உங்க பிள்ளைங்க கூத்து ஆடுவாங்களாமே, வெள்ளம் வந்ததை நடிச்சிக் காட்டினா எங்களுக்கு உதவி செய்றவங்க பார்ப்பாங்க" என்றார்கள். நான் சரி என்றேன். வாத்தியார் அன்றைக்கு ஊரில் இல்லை.

மேலே சொன்ன அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு வீட்டு ஆட்டை ஆற்றோடு விட்ட வேஷம். உண்மையிலேயே அவள் வீட்டு ஆடு போயிருந்தது. குட்டியிலிருந்து அவள் வளர்த்தது. ஒத்திகையில் நன்றாகச் செய்தாள். ஜனம் கூடி, கேமரா கிட்டே வந்தபோது "ஆடு" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. பாவாடை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள், விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு. யாரோ கை தட்டினார்கள், அதுவும் நடிப்பு என்று நினைத்து. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள்.

வாத்தியார் திரும்பி வந்து கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு மூஞ்சில அரிதாரம் பூசினீங்களா டீச்சரம்மா?" பூசவில்லை. "வேஷம் இல்லாம கூட்டத்துக்கு முன்னால நிறுத்தலாமா? அது கூத்து இல்ல, அது விசாரணை." அரிதாரம் பூசி, கட்டை கட்டி, திரைக்குப் பின்னால் நின்று பாட்டுப் பாடி, அப்புறம்தான் ஒருவன் சபைக்கு வருகிறான். அதற்குள் அவன் வேறு ஆள். அர்ச்சுனனாக அழுகிறவனைக் கூத்து முடிந்ததும் யாரும் போய்த் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். அந்த மறைப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

30,000 கொடுப்பவரிடம் பேசிப் பாருங்கள். நாடகம் கேட்காமல் கொடுத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டிசம்பர் 12

"சோறு இல்லாத இடத்தில் கலை எதற்கு" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். சோறு முதலில்தான், யார் இல்லை என்றது? வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குச் சுண்டல் கொடுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும்.

இன்னொருவர் இதெல்லாம் மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டியது, வாத்தியார் வேலை இல்லை என்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர்க்கால மனநலத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் விளையாட்டும் வழக்கமான நடவடிக்கைகளும் சீக்கிரம் திரும்ப வேண்டும், நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. வகுப்பு செய்வது அந்த முதல் பாதியை. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லை, படுக்கையில் சிறுநீர், மழைச் சத்தம் கேட்டாலே நடுக்கம் என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வேலூர்ப் பக்கம் என்றால் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பையனை அங்கே கூட்டிப்போனோம். மாத்திரை எதுவும் இல்லை, ஐந்தாறு தடவை பேசினார்கள், தேறிவிட்டான். அவன் ஒரு ஞாயிறுகூட வகுப்பை விடவில்லை.

டிசம்பர் 16

அவர் நிபந்தனை இல்லாமல் தருவதாகச் சொல்லிவிட்டார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் செலவு வாத்தியாருக்கு. எல்லோரும் பொருள் வாங்கிக் கொடுக்கத்தான் பார்ப்பார்கள், போட்டோவில் தெரியும் என்பதால். கூத்துக்காரருக்கு வருமானம் தை மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துக்குக் கூப்பிடுவதில்லை. வெள்ளம் வருவதும் அந்த வெறுங்கை மாதங்களில். எங்கள் வாத்தியார் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது, அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் அவர் சைக்கிளில் வராமல் நடந்து வந்தார். கேட்டால் "டயர் பஞ்சர்" என்றார். சைக்கிளை விற்றிருந்தார் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஞாயிறுக்கு 700 வீதம் 20 வாரத்துக்கு 14,000 எடுத்து வைத்துவிடுங்கள். மூட்டு மாற்ற 4,000 பக்கம் ஆகும். பழைய ஆர்மோனியம் 8,000க்குள் தேடுங்கள். சுண்டலுக்கு வாரம் 150. மீதி ஆயிரத்தில் சலங்கைக்குத் தோல் பட்டை. புது டிரெஸ், பேனர், மைக் எதுவும் இப்போது வேண்டாம்.

உங்கள் வாத்தியார் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க இயல் இசை நாடக மன்றம் நிதி தருகிறது, அதற்கும் எழுதிப் போடுங்கள். வரும்போது வரட்டும், அதை நம்பி நிறுத்தி வைக்காதீர்கள்.

டிசம்பர் 17

பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க மறந்துவிட்டேன். வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் நிற்பது அவர்கள் வருகைதான். "ஆம்பளைங்க ஆடறது, இவ எதுக்கு" என்பார்கள். காஞ்சிபுரம் பக்கம் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ராஜ வேஷம் போட்டு ஆடியிருக்கிறார்கள், அதை வீட்டில் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நான் அம்மாக்களிடம் பேசினேன், அப்பாக்களிடம் வாத்தியார் பேசினார்.

டிசம்பர் 22

ஒருவர் கேட்டிருக்கிறார்: பிள்ளைகள் அபிமன்யு சண்டையைப் பாதி கற்று வைத்திருந்தார்கள், இப்போது அதைத் தொடரலாமா? திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து போன ஏழு பேரில் ஐந்து பேர் பிள்ளைகள். பிள்ளை சாகிற கதையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எங்களுக்குள்ளும் இந்த வாக்குவாதம் வந்தது. நாலு குழந்தைகள் போன பேரணாம்பட்டு எங்களுக்குப் பக்கத்து ஊர். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பசங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? தெரவுபதியம்மன் கோயில்ல படுகளத்துல துரியோதனன் சாயறதப் பார்த்து வளந்த பசங்க. செத்து விழுந்தவன் எழுந்து, கட்டையக் கழட்டிட்டு, வரப்புல உக்காந்து டீ குடிக்கிறத அதுங்க பாக்கணும் டீச்சரம்மா."

அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன். அந்த வருஷம் அதை எடுத்து வைத்துவிட்டு, சிரிப்பு அதிகம் இருக்கிற பகுதிகளைச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி, நாள் கணக்குதான் வேறு. இந்த மாதம் வேண்டாம். பங்குனிக்கு மேல் பிள்ளைகளிடமே கேளுங்கள். சொந்தத்தில் ஓர் இழப்பு நடந்த பிள்ளைக்கு அபிமன்யு வேஷத்தையும் சுபத்திரை வேஷத்தையும் கொடுக்க வேண்டாம், தாளம் போடச் சொல்லுங்கள். தாளக்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான்.

2025 ஜனவரி 5

மேலே டிசம்பர் 6இல் எழுதியதைத் திருத்த வேண்டும். வெள்ளத்தை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். நாம் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் கொண்டுவந்தால் வாசலை மறிக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

2022 சித்திரையில், எங்கள் தெரு முனையில், வெள்ளத்துக்குப் பிறகு முதல் கூத்து. ஒன்றரை மணி நேரம்தான். "ஞாயித்துக்கெழம கீதா" என்று கேட்டானே, அந்தப் பையன்தான் கட்டியக்காரன், கூத்தில் ராஜா வருவதை அறிவித்து நடுவில் கோமாளித்தனமும் செய்கிறவன். ராஜா திரை விலக்கி வந்து, எல்லா ராஜாவும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "அடே கட்டியக்காரா, நமது நாட்டில் மாதம் மும்மாரி மழை பொழிகிறதா?"

ஒத்திகையில் பதில் "பொழிகிறது மகாராஜா" என்பதுதான். அவன் கொஞ்ச நேரம் ராஜாவையே பார்த்தான். அப்புறம் ஜனத்தைப் பார்த்துத் திரும்பினான். "மூணு மாரியும் ஒரே ராத்திரில பேஞ்சி முடிச்சிட்டுப் பூட்ச்சி மகராசா! நீங்க அரமனைல தூங்கிட்டு இருந்தீங்க, நாங்க இஸ்கோல்ல தூங்கினு இருந்தோம்!"

தெரு அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே இல்லை, ராஜா வேஷக்காரப் பையனும் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிக்கிறான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வாத்தியார் மத்தளத்தில் ஓர் அடி போட்டு, "இன்னும் சொல்லு" என்று கண் காட்டினார். பையன் சொன்னான்: போர்வை எண்ணியதை, பிஸ்கட் பாக்கெட்டை ஏழு பேர் பங்கு போட்டதை, பாட்டி சாமி படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ரேஷன் கார்டை விட்டுவிட்டு ஓடியதை. எல்லாம் கட்டியக்காரன் வாயால், கோமாளித் தொப்பிக்கு அடியில். கேமரா இல்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அதே வெள்ளம்தான், அதே பிள்ளைகள்தான். டிசம்பரில் ஒருத்தி வாயடைத்து நின்றாள், சித்திரையில் ஒருவன் வாய் ஓயாமல் பேசினான். அவனுக்கு முகத்தில் வேஷம் இருந்தது. எப்போது பேசுவது என்பதும் அவன் கையில் இருந்தது.

ஜனவரி 6

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் வெள்ளச் சிந்துகளை நினைவுபடுத்தினார். ஆமாம். அந்தக் காலத்தில் வெள்ளம், ரயில் விபத்து, கொலை எது நடந்தாலும் சிந்து கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையில் பாடி விற்பார்கள். வாணியம்பாடியை 1903 நவம்பர் 12இல் பாலாறு வாரிக்கொண்டு போனதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் ஊர் கலைக்குப் பேரிடர் புதிதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிந்து மெட்டு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டேன், என்ன பாட வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்து பேர் சத்துணவு முட்டையைப் பற்றி எழுதினார்கள். ஒருத்தி ஆற்றைப் பற்றி.

பிப்ரவரி 28

அங்காளம்மன் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு உங்கள் பசங்கள் பம்பைக்காரர்களோடு சேர்ந்து தாளம் போட்டார்கள் என்று படித்தேன். 11 பேரா இப்போது? மீதி மூன்று பேர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மே 16

நேற்று இங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆற்றங்கரை முழுக்க ஜனம். அந்த ஆட்டுக்காரப் பெண் இப்போது ஒன்பதாவது முடித்திருக்கிறாள், கூட்டத்தில் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். அவள் மூன்று வாரம் வராமல் இருந்து, நாலாவது ஞாயிறு தானாக வந்து உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் ஈர்க்குச்சியை எடுத்ததை நான் இங்கே எழுதவே இல்லை போலிருக்கிறது. இந்த வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் அடவு அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

உங்கள் சலங்கையில் பாதி துருப்பிடித்துப் போனதாகச் சொன்னீர்களே தம்பி. ஆறு ஜோடி மஞ்சள் பையில் கட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை திருவண்ணாமலை வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தோல் பட்டை புதுசு. மணிகள் 2021இல் எங்கள் பிள்ளைகள் எழுப்பியவை. சிவப்பு நூல் கட்டிய ஜோடியில் ஒரு மணி மட்டும் இன்னும் பேசவில்லை. உங்கள் பசங்களில் யாரிடமாவது ஓர் ஈர்க்குச்சியைக் கொடுத்துப் பாருங்கள்.